நடுவில் பழைய சென்னிமலைப் போர்வை: ஒட்டுப் போர்வைகளைப் பல வருஷம் புழங்கிய அனுபவம்

எங்கள் வீட்டில் கட்டில், சோபா, தொட்டில், கார் பின்சீட்டு என்று எங்கே பார்த்தாலும் துண்டுத் துணிகளை இணைத்து நான் தைத்த ஒட்டுப் போர்வைகள்தான் கிடக்கின்றன. எதையும் அலமாரியில் மடித்துப் பூட்டி வைத்ததில்லை. பெருந்துறைப் பக்கத்துப் போர் தண்ணியில் அலசி, மொட்டைமாடியில் காயப்போட்டு, பிள்ளைகள் இழுத்துப் போட்டுப் புரண்டு, பல வருஷம் புழங்கியவை. தைத்து முடித்த அன்று எல்லாப் போர்வையும் அழகாகத்தான் இருக்கும். எது நிற்கும், எது நைந்துபோகும் என்பது துவைக்கத் துவைக்கத்தான் தெரிகிறது. அதனால் இதை அழகு பற்றி எழுதவில்லை, உழைப்பு பற்றி எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கு நடு அடுக்கில் பாலியஸ்டர் வாடிங், அதாவது விரிப்பாக வரும் செயற்கைப் பஞ்சு, வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சென்னிமலைப் போர்வை ஒன்றை நடுவில் வைத்துத் தையுங்கள்.

ஒட்டுப் போர்வை, அதாவது குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த பக்கம், கீழே முதுகுத் துணி, நடுவில் கதகதப்புக்கு ஒன்று. மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். பனி கொட்டும் நாடுகளில் நடு அடுக்கு தடிமனாக இருந்தே ஆகவேண்டும். இங்கே மார்கழி, தை விடியற்காலையிலும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிறபோதும்தான் கொஞ்சம் குளிர். மற்ற நாளெல்லாம் ஃபேனுக்குக் கீழே ஒரு மெல்லிய போர்வை போதும். வாடிங் வைத்ததைப் போர்த்தினால் அரைத் தூக்கத்தில் வியர்த்து, காலால் உதைத்துத் தள்ளத்தான் தோன்றும். எங்கள் அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே கேட்டார்கள்: "ஏங்கண்ணு, இத்தாச்சோடு மொத்தமா இருந்தா எப்படிப் போத்திப் படுக்கறது?" சரியான கேள்வி.

சூட்டைவிடப் பெரிய தொந்தரவு துவைக்கும்போது வரும். மலிவான வாடிங் நாளாக நாளாகத் தையலுக்கு நடுவே சுருண்டு கட்டியாகிறது. அதன் இழை மேல் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து வெள்ளை வெள்ளையாக நிற்கும். அடர்நிறத் துணியில் அது ரொம்பவே தெரியும். இலவம் பஞ்சும் இதற்கு ஆகாது. அதன் இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணைக்கு அதைப்போல ஒன்று கிடையாது, ஆனால் துவைக்கிற போர்வைக்குள் போட்டால் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

பழைய போர்வையில் இந்த இரண்டு வம்பும் இல்லை. அது நெய்த துணி, எங்கும் நகராது. சுருங்க வேண்டியதெல்லாம் முன்பே சுருங்கி முடித்திருக்கும். வாடிங் என்றால் நெருக்கமாகத் தைத்தால்தான் இடத்தில் நிற்கும். இதற்கு ஐந்தாறு இஞ்சு இடைவெளியில் கோடு ஓட்டினாலே போதும், வேலை பாதியாகிறது. நடுவில் நைந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல பகுதிகளை ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துக் கையால் இணைத்துக்கொள்ளலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் அந்த இடம் வரப்பாகத் தடித்து, முதுகில் உறுத்தும்.

குறையும் உண்டு. ஈரத்தில் கனம் அதிகம். ஒற்றைக் கொடியில் போட்டால் நடுவில் தொங்கித் தையல் இழுபடும், இரண்டு கொடியில் பரப்பித்தான் போடவேண்டும். ஐப்பசி மழையில் ஒரே நாளில் காயாது. கையால் குவில்ட் செய்கிறவர்களுக்கு ஊசி இறங்காது. கைவேலைக்கு நான் நடுவில் வைப்பது இரண்டாக மடித்த பழைய எட்டு முழ வேட்டி. ஊசி நன்றாக வழுக்கிக்கொண்டு போகும், சித்திரை வெயிலுக்கும் அதுதான் சரி.

முதுகுத் துணிக்குச் சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறியில் ஓடும், வெளுக்காத காடாத் துணியைத்தான் சிபாரிசு செய்வேன். அகலமாகக் கிடைப்பதால் நடுவில் ஒட்டு வராது. ஆனால் வாங்கிய கையோடு தைக்கக் கூடாது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சுடுதண்ணியில் சோப்புப் போட்டுத் துவைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் கஞ்சி போய்விடும், சுருக்கமும் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் முதுகு மட்டும் சுருங்கி, மேல் பக்கம் குமிழ் குமிழாக நிற்கும். இப்படிக் குமிழ்விட்ட போர்வைகளைச் சொந்தக்காரர்கள் சரிபண்ணச் சொல்லிக் கொண்டுவருவார்கள். தையலைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மேல் பக்கத்துக்கு எங்கள் ஊர்களில் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை இருக்கிறது, கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் இருக்கின்றன, திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இதில் திருப்பூர்த் துணியில்தான் கவனம் வேண்டும். பனியன் துணி பின்னல் துணி, இழுத்தால் நீளும். நெய்த பருத்தியோடு அதை ஒரே வரிசையில் சேர்த்தால் பனியன் துண்டு தொங்கிப்போகும், பக்கத்துத் துண்டு சுருங்கினாற்போல நிற்கும். சேர்த்தே ஆகவேண்டும் என்றால், துண்டின் பின்புறம் மெல்லிய ஃபியூசிங்கை (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். என் யோசனை என்னவென்றால், பனியன் துணிக்குத் தனிப் போர்வை, நெய்த துணிக்குத் தனிப் போர்வை. கலக்காமல் இருப்பதே நிம்மதி.

பழைய பருத்திச் சீலைகள் அருமையான துணி. நெகமம் சீலை மாதிரி கெட்டியான நெசவு என்றால் இன்னும் நல்லது. வெட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விட்டு வெளிச்சம் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் அந்தப் பகுதி வேண்டாம். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தி இழுத்தாலும் தெரிந்துவிடும், நைந்தது அப்போதே கிழியும். கொசுவம் வரும் இடமும் உட்காரும் இடமும்தான் முதலில் போகும். இடுப்பில் சொருகும் உள் தலைப்பு பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். சிந்தெடிக் சீலையைப் பருத்தியோடு சேர்க்காதீர்கள். பருத்திக்கு வேண்டிய சூட்டில் அது உருகிவிடும்.

சீலைத் துணி வழவழவென்று நகரும் என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, முக்கிப் பிழிந்து காயவைத்து இஸ்திரி போட்டால் காகிதம்போல விறைத்து நிற்கும். முக்கோணத் துண்டுகள் வெட்டும்போது சாய்வு ஓரம் இழுபடாது. இது என் அனுபவத்தில் எந்தக் கருவியையும்விட அதிகம் உதவிய விஷயம். ஒன்று மட்டும், போர்வை முடிந்ததும் உடனே துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி போட்ட துணியை மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும்.

இணைக்கும் தையல் கால் இஞ்சு, அதாவது இரண்டு நூல். ஜாக்கெட் தைத்துப் பழகியவர்கள் அரை இஞ்சு விட்டே பழகியிருப்பார்கள், அதனால் ஆரம்பத்தில் கை தடுமாறும். கால் இஞ்சு அளந்து, மிஷின் தட்டில் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டிவிட்டால் துணி அதில் இடித்துக்கொண்டு நேராகப் போகும். அரை நூல் கூடினால் என்ன என்று தோன்றும். ஒரு வரிசையில் 16 கட்டம் என்றால் 15 இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் அரை நூல் போனால், வரிசை ஏறக்குறைய 2 இஞ்சு குட்டையாகிவிடும். பக்கத்து வரிசை சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எந்த ஜென்மத்திலும் சேராது.

ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி அவசியம். பெட்டியை வைத்து அழுத்தி எடுக்கவேண்டும். தேய்த்து இழுத்தால் கட்டம் கோணலாகும். ஒரு வரிசையின் தையலை இடப்பக்கம் மடித்தால் அடுத்த வரிசையை வலப்பக்கம் மடியுங்கள். சேர்க்கும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தி உட்கார்ந்து, மூலை தானாகவே நேராக வரும்.

மிஷின் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்புக் கால் மிஷின். ஒட்டுப் போர்வைக்கு இதுவே தாராளம். கனமான உடம்பு, மூன்று அடுக்கைத் தாங்கும். காலின் வேகத்துக்குத்தான் ஓடும் என்பதால் மூலையில் ஒரு தையல், இரண்டு தையல் என்று நிறுத்தி நிறுத்திப் போடலாம். செய்யவேண்டிய மாற்றங்கள் கொஞ்சம்தான். துண்டுகளை இணைக்க 14-ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்குக்கு 16. அடுக்கு ஏறும்போது தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். அழுத்தும் காலுக்கு நேர் மேலே, மிஷின் தலையில் ஒரு திருகு இருக்கிறதல்லவா, அதை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சுருக்கம் விழுவது பெருமளவு நிற்கும். மிச்சத்தை வாக்கிங் ஃபுட் பார்த்துக்கொள்ளும். அடித் துணியைக் கீழே இருக்கும் பல் நகர்த்துவதுபோலவே மேல் துணியையும் நகர்த்திக் கொடுக்கும் அந்த ஒரு பாகத்துக்குக் காசு செலவழிப்பது வீண் இல்லை. வாங்கும்போது உங்கள் மிஷினின் பழைய ஃபுட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

அடுக்குகளைத் தரையில் விரிக்கும்போது முதுகுத் துணியை நாலு பக்கமும் மூன்று நாலு இஞ்சு பெரிதாக விட்டு, தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அதன்மேல் நடு அடுக்கு, அப்புறம் மேல் பக்கம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. தையலை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும். கோடு வரைய, தேய்ந்துபோன சோப்புத் துண்டு போதும். முதல் சலவையில் போய்விடும்.

ஓரப் பட்டியில்தான் போர்வையின் ஆயுள் இருக்கிறது. நான் புழங்கிய எல்லாப் போர்வையிலும் முதலில் நைந்தது தலைமாட்டு ஓரம்தான். இழுத்துப் போர்த்துகிற கை அங்கேதான் படுகிறது. முதுகுத் துணியையே முன்பக்கம் மடித்துத் தைத்தால் ஒற்றைத் துணிதான் அங்கே தேயும், சீக்கிரம் விட்டுவிடும். இரண்டரை இஞ்சு பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைத்தவை பல மடங்கு உழைக்கின்றன. 60-க்கு 90 இஞ்சுப் போர்வைக்குச் சுற்றளவு 300 இஞ்சு. மூலைக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 312 இஞ்சு வைத்துக்கொண்டால், 44 இஞ்சு அகலத் துணியில் எட்டுப் பட்டி வேண்டும். அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே துணி வாங்கினால் போதும். பட்டிக்கு மட்டும் பழைய துணி வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

எங்கள் போர் தண்ணியில் உப்பு அதிகம். சோப்பு நுரைக்காது, துணியில் படிந்து நிறத்தை மங்கவைத்து விறைப்பாக்கும். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணி வருகிற வீட்டில் இருக்கும் என் சித்தி பெண்ணுக்கும் நான் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். ஒரே துணியில் தைத்த என்னுடையதைவிட அது இன்றைக்கும் பளிச்சென்று, மெத்தென்று இருக்கிறது. உப்புத் தண்ணிக்காரர்கள் சோப்புத் தூளைக் குறைத்து, கூடுதலாக ஒரு முறை அலசுங்கள். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. காயவைப்பது நிழலில், இல்லையென்றால் முதுகுப் பக்கம் வெயில் படும்படி. சிவப்பு, மெரூன் துணி புதிதாக இருந்தால் தைப்பதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கட்டம் கிழிந்தால் போர்வையை ஒதுக்கிவிடாதீர்கள். கிழிந்த துண்டைப் பிரித்து எடுக்கவே வேண்டாம். அதைவிட அரை இஞ்சு பெரிதாகப் புதுத் துண்டு வெட்டி, நாலு ஓரத்தையும் கால் இஞ்சு உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பழைய கட்டத்தின் மேலேயே வைத்துக் கையால் ஹெம்மிங் போட்டுவிடலாம். அப்புறம் பழைய குவில்ட் கோடு அந்தக் கட்டத்தின் வழியாகப் போயிருந்தால், அதே கோட்டில் புதுத் துண்டின்மேல் ஒரு ஓட்டுத் தையல். தலைமாட்டுப் பட்டி நைந்தாலும் இதேதான், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பழையதை மூடிப் புதுப் பட்டி வைத்தால் போதும்.