காந்தி மண்டபமா, கயத்தாறா?

திருநெல்வேலியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய நினைவிடங்களில், உயரத்தில் நின்று பார்க்கும் காட்சியும் வேண்டும் என்போர்க்குக் கன்னியாகுமரி காந்தி மண்டபமே முதல் தேர்வு. 1948 பிப்ரவரியில் கடலில் கரைப்பதற்கு முன் காந்தியடிகளின் அஸ்திக் கலசம் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்த இடத்தில், 1956இல் எழுப்பப்பட்ட இம்மண்டபத்தின் நடுக்கோபுரம், அவர் மறைந்தபோது நடந்துகொண்டிருந்த 79ஆம் அகவையைக் குறிக்கும் வகையில் 79 அடி உயரம் கொண்டது. அக்டோபர் 2 அன்று நண்பகலில், கூரைத் துளை வழியே இறங்கும் வெயில் கலசம் இருந்த பீடத்தின் மேல் விழுகிறது. அதைக் காண முண்டியடிக்கும் கூட்டத்தில் அமைதியைத் தேட முடியாது என்பது வேறு செய்தி. மற்ற நாள்களில் மேல்தளத்தில் நின்றால் விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் கண்ணெதிரே தெரியும்.

கயத்தாற்றில் அத்தகைய காட்சி கிடையாது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. சிலையையும் மணிமண்டபத்தையும் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். தொலைவும் குறைவுதான். ஆனால் புறவழிச்சாலையில் விரையும் பேருந்துகள் ஊருக்குள் நுழையாமல் போவதுண்டு என்பதால், ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்கு நான் கயத்தாற்றையே சொல்வேன். முழு நாளும் கையிலிருந்தால் குமரிக்குச் செல்லலாம்.