கொழும்பின் ஈரக்காற்றில் நைலோனா, அசிட்டாலா?

பழைய சோனகத் தெருப் பக்கம் புஷ், அதாவது தண்டு சுழல்வதற்குத் துளையில் பொருத்தும் வளையம், கடைவதற்கு வெள்ளை பிளாஸ்டிக் தடி தேடிப் போகிறவருக்கு, நைலோனும் அசிட்டாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் லேத்தில் எளிதாகக் கடையக்கூடியவை, எண்ணெய் குறைந்தாலும் உராய்வைத் தாங்குபவை. இந்த ஊரில் அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஈரந்தான்.

நீரில் ஊறிக் கிடந்தால் நைலோன் 6 என்ற வகை தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை உறிஞ்சும். அசிட்டால் 1 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். காற்றிலிருந்து 3 சதவீத ஈரம் ஏறினாலே நைலோனின் அளவு 0.6 சதவீதமளவு பெருக்கும் என்பதால், 40 மில்லிமீற்றர் விட்டத்தில் அது கால் மில்லிமீற்றரை நெருங்கிவிடும். ஒருமுறை உருளையொன்றுக்கு நைலோன் புஷ் கடைந்து, 0.1 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பொருத்தினோம். அன்று விரலால் தட்டினாலே சுழன்ற உருளை, ஐப்பசி மழை தொடங்கிய சில வாரங்களில் தண்டோடு இறுகிப்போயிற்று. வெளிப்புறம் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருந்ததால் பெருக்கம் துளைப் பக்கம் திரும்பியிருந்தது. தவறு எங்களுடையதே.

அதற்காக நைலோனை ஒதுக்கிவிட முடியாது. உறிஞ்சிய ஈரமே அதற்கு முறியாத வன்மையைத் தருவதால், அடி விழும் பெரிய பற்சக்கரத்துக்கும் கப்பிக்கும் நான் அதையே எடுப்பேன். கடையும்போது மட்டும் அதன் சீவல் நூல் நூலாகச் சுற்றிக்கொள்ளும்; அசிட்டாலின் சீவல் அந்தத் தொல்லையைத் தருவதில்லை.

அசிட்டாலிலும் இரு வகை உண்டு. ஒன்று ஹோமோபொலிமர், மற்றது கோபொலிமர். டெல்ரின் என்ற பெயரில் வரும் ஹோமோபொலிமர் சற்று வலிமை கூடியது, ஆனால் தடியின் நடுவில் நுண்துளைகள் இருக்கலாம். நடுவைத் துளைத்தெடுக்கும் புஷ்ஷுக்கு அது பொருட்டல்ல, முழு வட்டத்தட்டுக்கும் சுடுநீர் படும் பாகத்துக்கும் கோபொலிமரே ஏற்றது. கடும் அமிலம் படும் இடத்தில் நைலோனும் உதவாது, அசிட்டாலும் உதவாது. டெப்லோன் என்ற இன்னொரு வெள்ளை பிளாஸ்டிக் அமிலத்தைத் தாங்கும், ஆனால் சுமையில் மெல்ல நசுங்கிவிடும்.

வாங்கும்போது தராசை நம்புங்கள். 50 மில்லிமீற்றர் விட்டமும் 300 மில்லிமீற்றர் நீளமுமுள்ள அசிட்டால் துண்டு சுமார் 830 கிராம் நிறுக்கும், அதே அளவு நைலோன் 680 கிராமைத் தாண்டாது. ஆகவே கிலோ விலை சமமாக இருந்தாலும், அதே நீளத்துக்கு அசிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகவே முடியும்.