யாழ்ப்பாணத்துச் சமையலறையில் தாவரப் பால்கள்: தேநீருக்கு எது, சொதிக்கு எது?

யாழ்ப்பாண நகரின் சுப்பர்மார்க்கெட்டுகளில், பால்மாப் பக்கற்றுகள் இருக்கும் பகுதியை அடுத்து, சோயாப்பால், ஓட்ஸ்பால், பாதாம்பால் ஆகியவை அட்டைப்பெட்டிகளில் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை வாங்கி, எங்கள் வீட்டில் அன்றாடம் அருந்தும் தேநீரிலும் கோப்பியிலும், காலைக் கஞ்சியிலும், இரவு இடியப்பத்துக்குரிய சொதியிலும் சேர்த்துப் பார்த்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேநீருக்குச் சீனி சேர்க்காத சோயாப்பால், கோப்பிக்கு ஓட்ஸ்பால், சமையலுக்கு வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பால். பாதாம்பால் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு உரிய பயன் கிடைப்பதில்லை. ஒரே பாலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த முயல்வோரே பெரும்பாலும் மனம் சலித்துப் பால்மாவுக்குத் திரும்பிவிடுகின்றனர்.

நாட்டில் பால்மாவின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது 400 கிராம் பக்கற் ஒன்றுக்காக மக்கள் கடை கடையாக அலைந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அப்போது தொடங்கிய மாற்றுத் தேடல் சில வீடுகளில் இன்றும் தொடர்கிறது. பாலிலுள்ள லக்ரோஸ் என்னும் சீனி செரிக்காததால் பால் குடித்தவுடன் வயிறு ஊதிப்போகிறவர்களுக்கும், விலங்குகளிடமிருந்து பெறப்படும் எதையும் உண்பதில்லை என முடிவெடுத்த இளையவர்களுக்கும் இது மேலும் அவசியமான தேடல். நம் ஊரில் விரதச் சாப்பாடு என்றால் பசுப்பாலும் தயிரும் நெய்யும் தாராளமாக இடம்பெறும் என்பதால், சைவக் கடையொன்றில் சாப்பிடுவதாலேயே அவர்களுடைய தேவை நிறைவேறிவிடுவதில்லை. விலங்குப் பால் தவிர்ப்பவர் கடையில் கேட்டு அறிந்துகொள்வதே நல்லது.

இனித் தேநீர். நாம் குடிப்பது கடும் சாயத் தேநீர். அதன் துவர்ப்பைப் பசுப்பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் பற்றிக்கொள்வதாலேயே பால் தேநீர் நாக்குக்கு மென்மையாக இருக்கிறது. ஆகவே, ஒரு தாவரப் பால் தேநீருக்குப் பொருந்துமா என்பதை அறிய, அதில் எவ்வளவு புரதம் உண்டு என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பசுப்பாலின் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 3.2 கிராம் புரதம் இருக்கிறது. நல்ல சோயாப்பாலில் 3 கிராமளவு இருக்கும். ஓட்ஸ்பாலில் ஏறத்தாழ 1 கிராம்; பாதாம்பாலில் பெரும்பாலும் அதனிலும் குறைவு. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு தேநீரைச் சுவைத்துப் பார்த்தால், சோயாப்பால் ஊற்றிய கோப்பையில் மட்டும் துவர்ப்பு அடங்கி, நிறமும் நாம் பழகிய செம்மண் நிறத்துக்கு வருவதன் காரணம் விளங்கும்.

சோயாப்பாலின் மீது பலருக்கு இருக்கும் வெறுப்பு அதன் பச்சை அவரை வாசனையால் வருவது. அவரையை அரைக்கும்போது அதிலுள்ள ஒரு நொதியம் எண்ணெயுடன் வினைபுரிந்து அந்த வாசனையை உண்டாக்குகிறது. அரைக்கும் வேளையிலேயே கொதிநீரைப் பயன்படுத்தினால் நொதியம் செயலிழந்துவிடும். வீட்டில் செய்ய விரும்புவோர் சோயா அவரையை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, கொதிநீர் விட்டு அரைத்து, துணியில் வடித்து, பின்னர் குறைந்தது பத்து நிமிடமாவது கிளறிக் கிளறிக் கொதிக்கவிட வேண்டும். இந்தக் கொதிப்பு வாசனைக்காக மட்டும் அன்று. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, அது வெப்பத்தாலேயே அழியும். சோயாப்பால் பசுப்பாலைக் காட்டிலும் விரைவாகப் பொங்கி வழிவதால் அகன்ற பாத்திரமே ஏற்றது. இப்படிச் செய்த பால், ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டால், கடைப் பெட்டியிலுள்ளதை விடவும் எனக்கு நிறைவாக இருந்தது. செலவும் மிகக் குறைவு.

சோயாப்பால் சூடான தேநீரில் திரிந்து போவதாகச் சொல்வோர் உண்டு. புளிப்பும் சூடும் சேரும்போது சோயாப் புரதம் திரள்கிறது. கோப்பி தேநீரைவிடப் புளிப்பு மிகுந்தது என்பதால் அதில் இது இன்னும் எளிதாக நிகழும். பாலைத் தனியாகச் சூடாக்கி, கோப்பையில் முதலில் அதை விட்டு, அதன் மேல் தேநீர்ச் சாயத்தைச் சிறிது சிறிதாக ஊற்றினால் திரிவதில்லை. இஞ்சித் தேநீர் விரும்புவோர் இஞ்சியை வெறுந்தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பின்னரே பால் சேர்க்க வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் இருக்கிறது. பெட்டிப்பாலில் சேர்க்கப்படும் கல்சியம் அடியில் படிந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் பெட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றுகிறவருக்கு அவர் பணம் கொடுத்து வாங்கிய கல்சியத்தின் பெரும்பங்கு கிடைப்பதேயில்லை.

ஓட்ஸ்பாலின் வரலாறு சுவையானது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிக்கார்ட் ஊஸ்தே என்னும் ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் இதற்குரிய முறையை உருவாக்கினார். நீரில் அரைத்த ஓட்ஸுடன் நொதியங்களைச் சேர்க்கும்போது அதன் மாப்பொருள் உடைந்து மோல்ற்றோஸ் என்னும் வெல்லமாக, அதாவது ஒருவகைச் சீனியாக, மாறுகிறது. களி போல் இறுகாமல் பால் போல் ஓடும் தன்மை அதனால்தான் வருகிறது. சீனி சேர்க்கவில்லை என்று பெட்டியில் எழுதியிருந்தும் பால் இனிப்பது ஏன் என்று கேட்போருக்கு இதுவே விடை. நீரிழிவு உள்ளவர்கள் முன்பக்க வாசகத்தை நம்பிவிடாமல், பின்பக்க அட்டவணையில் வெல்லத்தின் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். நீரிழிவு இல்லாத குடும்பம் அரிதாகிவிட்ட நம் ஊரில் இதை நான் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

அந்த இயல்பான இனிப்பும் தானிய வாசனையும் கோப்பியின் கசப்போடு மிக நன்றாக இணைகின்றன. கோப்பிக்கென்றே தயாரிக்கப்படும் வகையில் சிறிது தாவர எண்ணெயும், புளிப்பைச் சமன்செய்யும் பொசுபேற்று உப்பும் சேர்ந்திருப்பதால் அது திரியாது, நுரையும் நிற்கும். மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த நம் ஊர்க் கோப்பித்தூளில் கூட ஓட்ஸ்பால் பொருந்தியது எனக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தந்தது. ஆனால் தேநீரில் அதன் தானியச் சுவை மேலோங்கி, தேயிலையின் மணத்தை மூடிவிடுகிறது. அதிக நேரம் கொதிக்கவிட்டால் கூழாகத் தடித்தும்போகிறது. விலையோ, இறக்குமதிப் பொருள் என்பதால், நாள்தோறும் வாங்கக்கூடியதாக இல்லை. விருந்தினர் வரும் நாளில் ஒரு பெட்டி வாங்கலாம்.

பாதாம்பால் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் பாதாமின் பங்கு பெரும்பாலும் 2 அல்லது 3 வீதமே. மீதி நீரும் தடிப்பாக்கியும் உப்பும். குளிர்ந்த பானங்களில் நாக்குக்கு இனிமையாக இருக்கும், அவ்வளவே.

அந்தப் பணத்தில் கச்சான் வாங்கலாம். நம் சந்தைகளில் எப்போதும் கிடைக்கும் பச்சைக் கச்சானை ஊறவைத்து, தோல் நீக்கி, சிறிது நேரம் அவித்து, ஒரு கோப்பைக் கச்சானுக்கு நான்கு கோப்பைத் தண்ணீர் விட்டு பிளெண்டரில் அரைத்து வடித்தால், கொழுப்பும் புரதமும் மணமும் சேர்ந்த ஒரு பால் கிடைக்கிறது. குரக்கன் கஞ்சிக்கும், பனங்கட்டி சேர்த்துக் குடிக்கும் மாலைப் பானத்துக்கும் இதற்கு நிகராக நான் எதையும் சொல்லமாட்டேன். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கச்சானை ஈவிரக்கமின்றி விலக்கிவிட வேண்டும்; அதில் உருவாகும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. கச்சான் ஒவ்வாமை உள்ள எவரும் வீட்டில் இருந்தால் இந்தப் பாலை நினைக்கவே கூடாது.

இனி, நமக்கு மிக நெருக்கமான தேங்காய்ப்பால். இதற்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நன்றாக முற்றிய, ஆட்டினால் நீர் சலசலக்கும் தேங்காயைத் தெரிந்தெடுத்து, வீட்டில் துருவிப் பிழிவதே முதன்மையான வழி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. சொதிக்கு வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும், முதற்பாலுக்குப் பின் பிழியும் நீர்த்த கப்பிப்பாலில் அவியவிட்டு, முதற்பாலைக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வருமுன் இறக்கி, அதன் பின்னரே தேசிப்புளி விடும் முறையை நம் தாய்மார் காரணத்தோடுதான் கைக்கொண்டிருந்தனர். தேங்காய்ப்பால் என்பது நீருக்குள் எண்ணெய்த் துளிகளைப் புரதம் தாங்கிப்பிடித்திருக்கும் ஒரு கலவை. கடுங்கொதிப்பில் அந்தப் புரதம் நிலைகுலைந்தால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் சூடும் புளிப்பும் சேர்ந்து பால் திரிந்துபோகும். சோயாப்பாலில் சொதி வைத்தால் தேசிப்புளி பட்டவுடனேயே அது திரள்கிறது. ஓட்ஸ்பால் சொதி இனிக்கிறது. இந்த இடத்தில் தேங்காய்க்கு மாற்று எதுவுமில்லை.

பெட்டியிலும் தகரத்திலும் வரும் தேங்காய்ப்பாலை வாங்குவோர் கொழுப்பு வீதத்தைப் பார்க்க வேண்டும். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியமங்களின்படி தேங்காய்ப்பாலில் குறைந்தது 10 வீதமும், தேங்காய்க் கிறீமில் 20 வீதமும் கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்புக் குறைத்த வகைக்கு 5 வீதம் போதும். அந்தக் குறைத்த வகை கப்பிப்பாலின் இடத்தை நிரப்பும், முதற்பாலின் இடத்தை நிரப்பாது. பெட்டிப்பாலில் நிலைப்படுத்திகள் இருப்பதால் அவசரச் சமையலிலும் திரிவதில்லை என்பது உண்மையான நன்மை. வேலைக்குச் சென்று திரும்பி இரவுச் சமையல் செய்யும் பெண்களுக்கு இது கொடுக்கும் ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். புதிதாகப் பிழிந்த பாலின் மணம் மட்டும் அதில் இல்லை.

தேங்காய்ப்பால் மாவைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. பல மாவு வகைகளில் சோடியம் கேசினேற் சேர்க்கப்படுகிறது. அது பசுப்பாலிலிருந்து எடுக்கப்படும் புரதம். பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காக நம்பிக்கையோடு தேங்காய்ப்பால் மாவை வாங்கும் தாயொருவர், முன்பக்கத்திலுள்ள தேங்காய்ப் படத்தைப் பார்த்து இதை அறிய முடியாது. சேர்க்கைப் பொருள்களின் பட்டியலை வாசித்தே ஆக வேண்டும். இந்தத் தகவல் எளிதில் கண்ணில் படும்படி மூன்று மொழிகளிலும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேநீரில் தேங்காய்ப்பால் விடலாமா என்று கேட்போருக்கு: விடலாம், ஆனால் துவர்ப்பு அடங்காது, ஆறினால் மேலே எண்ணெய் படரும். சாயத்தை மெல்லியதாக எடுத்து, இரண்டாம் பாலை விட்டு, சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அது தனியொரு சுவை. பால் தேநீர் என்ற எண்ணத்தோடு அதை அணுகக் கூடாது. தேங்காய்ப்பால் தன் முழு அழகையும் காட்டுவது இனிப்புகளில்தான். இராசவள்ளிக் கிழங்கை மசித்து முதற்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டும்போது வரும் ஊதா நிறத்தையும் மணத்தையும், ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் கூழில் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலோடு ஒன்றுவதையும் எந்த இறக்குமதிப் பெட்டியும் தர முடியாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில், பழச்சதையைக் குளிர்ந்த சோயாப்பாலில் பாதியும் தேங்காய்ப்பாலில் பாதியுமாக அடித்துப் பாருங்கள். சீனி தேவைப்படாது, பசுப்பாலின் நினைவும் வராது.

ஆயினும் தேங்காய்ப்பாலைப் பசுப்பாலுக்கு ஊட்டச்சத்தில் ஈடாகக் கருதக் கூடாது. அதில் புரதமும் கல்சியமும் மிகக் குறைவு. கொழுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற வகை. விற்றமின் பி12 எந்தத் தாவரப் பாலிலும் இயல்பாக இல்லை. முற்றிலும் விலங்கு உணவைத் தவிர்ப்போர் அது சேர்க்கப்பட்ட பெட்டிகளைத் தேடி வாங்க வேண்டும், அல்லது வைத்தியரிடம் கேட்டு மாத்திரையாக எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ அதற்குரிய பால்மாவுக்கோ பதிலாக இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது.

2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தேங்காய் விலை ஏறிய விதத்தைப் பார்த்தவர்கள், பிழிந்த பாலில் ஒரு துளியையும் வீணாக்க விரும்பமாட்டார்கள். மிஞ்சிய முதற்பாலை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் தேவையான அளவு கட்டிகளை எடுத்துச் சொதியில் இடலாம். உருகும்போது சிறிது பிரிந்தாலும், கிளறினால் சேர்ந்துவிடும். சோயாப்பால், ஓட்ஸ்பால் பெட்டிகளைத் திறந்த பின் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, பெட்டியில் குறித்த நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். வீட்டில் செய்த கச்சான்பாலும் சோயாப்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கா. தனியாக இருப்பவர்கள் ஒரு லீற்றர் பெட்டியை விடச் சிறிய பெட்டியையே வாங்குவது நல்லது, லீற்றர்க் கணக்கில் அதன் விலை சற்று அதிகமாக இருந்தாலும்.