பால்வெளிப் படத்துக்கு ட்ராக்கரா, ஸ்டாக்கிங்கா?

காடு மலை ஏறி இரவு வானத்தைப் படமெடுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். கேமராவை வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் ட்ராக்கரை வாங்குவதா, இல்லை வரிசையாகப் பல படங்கள் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கிங்கை நம்புவதா? மேற்குத் தொடர்ச்சி மலையில் 14, 20 மிமீ லென்ஸோடு சுற்றுகிறவர்களுக்கு ஸ்டாக்கிங்தான் சரி என்பேன்.

நட்சத்திரங்கள் விநாடிக்குச் சுமார் 15 ஆர்க் விநாடி (ஒரு ஆர்க் விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு) நகர்கின்றன. 500ஐ லென்ஸின் மிமீயால் வகுத்தால் எத்தனை விநாடி திறக்கலாம் என்று சொல்லும் 500 விதிப்படி, 20 மிமீ லென்ஸில் 25 விநாடி திறந்து வைக்கலாம் என்பார்கள். ஆனால் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அதற்குள் ஒரு நட்சத்திரம் ஆறு பிக்சல் வரை இழுபட்டுவிடும், போனில் தெரியாது, பெரிய பிரிண்ட் போட்டால் அப்பட்டமாகத் தெரியும். 10 விநாடிதான் பாதுகாப்பு. அதில் நாய்ஸ், அதாவது படத்தில் பொரிப்பொரியான புள்ளிகள், நிறைய வரும், சரி, 16 படங்களை அடுக்கினால் அது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. விண்டோஸில் இதற்கான சீக்வேட்டர் என்கிற மென்பொருள் இலவசம். வானத்தைத் தனியாக ஒழுங்குபடுத்தி, தரையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

ட்ராக்கரின் உண்மையான பலம் வேறு. 2 நிமிடம் ஒளி வாங்கலாம் என்பதால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 800க்கு இறக்கி, லென்ஸின் துவாரத்தை எஃப் 4க்குச் சுருக்கலாம், மூலையில் நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைப்பது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் வானத்தைப் பிடித்தால் தரை கலங்கும். தரையைத் தனியாக எடுத்து ஒட்டவேண்டும். லடாக்கின் மொட்டை மலைமுகட்டில் அது சுலபம். நம் சோலைக்காட்டில், கிளையும் இலையுமாக வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரங்களின் ஓரத்தை எடிட்டிங்கில் மாஸ்க் செய்து வானத்திலிருந்து பிரிப்பது பெரிய தலைவலி, அங்கேதான் பல நல்ல படங்கள் செயற்கையாகத் தெரிய ஆரம்பிக்கின்றன.

அப்புறம் துருவ நட்சத்திரம். வானம் அதைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரிவதால் ட்ராக்கரின் அச்சை அதை நோக்கித்தான் நிறுத்தவேண்டும். லடாக்கின் ஹான்லேயில் அது அடிவானிலிருந்து 33 டிகிரி உயரத்தில் இருக்கும், கொடைக்கானலில் வெறும் 10 டிகிரி, ஒரு மேடோ மூடுபனியோ வந்தால் மறைந்துவிடும். திசைகாட்டியை வைத்துத் தோராயமாக நிறுத்தலாம்தான். 20 மிமீயில் ஒரு டிகிரி பிசகினாலும் 2 நிமிடத்தில் அரை பிக்சல் அளவுதான் நகரும். அதே பிசகு 85 மிமீயில் இரண்டு பிக்சலைத் தாண்டும். ஆக, தோராயமாக நிறுத்தினால் போதும் என்கிற அகலக் கோணத்தில் ட்ராக்கர் அவ்வளவு அவசியமில்லை, அது அவசியமாகிற நீள லென்ஸில் துருவம் கண்ணில் பட்டே ஆகவேண்டும்.

இதற்கு ஈடாக நமக்கு ஒன்று கிடைக்கிறது. பால்வெளியின் மையம் கொடைக்கானலில் 50 டிகிரி உயரம்வரை ஏறுகிறது, ஹான்லேயில் 28தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, விடிவதற்கு முந்தைய மணி நேரங்களில், தென்மேற்குப் பருவமழை வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.

தனுசு, விருச்சிகப் பகுதியின் சிவந்த நெபுலாக்களை (விண்வெளி வாயு மேகங்களை) 50 மிமீக்கு மேல் நெருங்கி எடுக்க ஆசையா? ட்ராக்கர் வாங்குங்கள், ஒரு கிலோவுக்கு மேல் சுமக்கத் தயாராகுங்கள். ஸ்டாக்கிங் என்றால், ட்ரைபாடை மடக்குமுன் லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஹாட் பிக்சல்களை (சென்சாரில் தவறாக ஒளிரும் புள்ளிகளை) நீக்க அவை வேண்டும்.