ஆர்க்கிடெக்ட் ட்ரெயினிங் எடுக்க திருகோணமலையிலயே ஒரு நல்ல ஒஃபிஸ் - என்ர ரிவியூ

ஒஃபிஸ்ட பேரை இதில போடேல்ல, ஒஃபிஸை நடத்துற ஆர்க்கிடெக்ட் சேர் விளம்பரத்தை விரும்பாத ஆள், கேக்காம போடுறது சரியில்ல. திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கிற சின்ன ஒஃபிஸ், சேர், ட்ராஃப்டிங் செய்யிற அக்கா ஒராள், கட்டடச் செலவுக் கணக்கு பாக்க வந்து போற கியூ.எஸ் (குவான்டிட்டி சேர்வேயர்) அண்ணா, பிறகு ட்ரெய்னி எண்டு நான், அவ்வளவுதான் ஆக்கள். மொரட்டுவை கம்பஸிலயோ சிற்றி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரிலயோ படிச்சிட்டு அடுத்தது எங்க போறதெண்டு யோசிக்கிற எங்கட பக்கத்து பிள்ளையளுக்காகத்தான் எழுதுறன், ஏனெண்டா எல்லாரும் யோசிக்காம கொழும்புக்குத்தான் சி.வி அனுப்பினம்.

டிகிரி முடிச்ச உடன ஆர்க்கிடெக்ட் எண்டு பேருக்கு முன்னால போடேலாது எண்டது வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துறதே பெரிய வேலை. சார்ட்டர்ட் ஆர்க்கிடெக்ட் ஒராளுக்கு கீழ வேலை செய்து, செய்ததை லொக் புக்கில பதிஞ்சு, அவர் சைன் வைச்சு, அதுக்குப் பிறகுதான் பார்ட் திறீ எண்ட கடைசி சோதினை. வெளிநாட்டிலயும் இதே கதைதான், கனடாவில இருக்கிற என்ர மச்சாள் 3720 மணித்தியாலம் பதிஞ்சு காட்டோணும், அதையும் எந்த எந்த வேலையில எவ்வளவு எண்டு பிரிச்சு காட்டோணும். எங்கட நாட்டின்ர பேர் பெற்ற ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா கூட முதல் ஒரு ஒஃபிஸில ட்ரெய்னியா இருந்து, பிறகு லண்டனில படிச்சு, 1957ல குவாலிஃபை ஆகேக்க அவருக்கு 38 வயசு. பிந்திப் போச்செண்டு வீட்டில கவலைப்படுற ஆக்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்றனான்.

இந்த ஒஃபிஸில எனக்கு ஆகப் பிடிச்சது லொக் புக்கை சேர் பாக்கிற விதம். மாசக் கடைசியில பக்கத்தில இருத்தி வைச்சு ஒவ்வொரு வரியா வாசிப்பார். "சைட் விசிட் செய்தேன்" எண்டு எழுதினா வெட்டிப்போட்டு, என்ன பாத்தனீங்கள் பிள்ளை, என்ன பிரச்சினை இருந்தது, ஆர் முடிவெடுத்தது, ஏன் அந்த முடிவு எண்டு கேப்பார், அதுக்கு பதில் எழுதினாத்தான் சைன். கொழும்பில பெரிய ஒஃபிஸ் ஒண்டில இருக்கிற என்ர ஃப்ரெண்டுக்கு மூண்டு மாச லொக் புக்கை ஒண்டா வாங்கி வாசிக்காமலே சைன் வைச்சுக் குடுத்தவையாம், அவள் செய்தது முழுக்க பாத்ரூம் டைல் லேஅவுட். பில்டிங் பெருசு, பேர் பெருசு, ஆனா கொன்ட்ராக்டருக்கு பேமன்ட் சேர்ட்டிஃபிகேட் எப்பிடி எழுதுறதெண்டு அவளுக்கு ஒருத்தரும் காட்டேல்ல. சுப்பர்விஷன் எண்டது சைன் மட்டும் இல்லைத்தானே.

இனி சைட். உப்புவெளியில ஒரு வீட்டுக்கு பிளேட் (கொங்கிறீட் தட்டு) போட ரெடியாகி, கம்பி எல்லாம் கட்டி, அடுத்த நாள் காலமை கொங்கிறீட். சேர் பின்னேரம் என்னை கூட்டிக்கொண்டு போய், டேப்பை என்ர கையில தந்திட்டு, ஃபோன் டோர்ச்சை பீமுக்குள்ள அடிச்சு, கம்பிக்கும் பலகைக்கும் இடையில எவ்வளவு இருக்கெண்டு அளக்கச் சொன்னார். ட்ராயிங்கில 40 மில்லி. சில இடத்தில 40 சரியா இருந்தது, கடைசி பீமில 15 தான், ஏனெண்டு பாத்தா கம்பி பலகையில முட்டாம தூக்கிப் பிடிக்க வைக்கிற கவர் புளொக் முடிஞ்சு போச்செண்டு உடைஞ்ச டைல் துண்டை அடியில செருகி வைச்சிருக்கினம். சேர் சத்தம் போடேல்ல. சைட் புக்கை எடுத்து, எந்த பீம், எந்த இடம், எவ்வளவு எண்டு என்னையே எழுத வைச்சு, மேசன் பாஸிட்ட சைன் வாங்கி, புளொக் மாத்தினாப் பிறகுதான் கொங்கிறீட் எண்டிட்டார், கொங்கிறீட் ஒரு நாள் பிந்திச்சு. கடலுக்கு பக்கத்தில ஏன் இதில இவ்வளவு பிடிவாதம் எண்டு கேக்கிற ஆக்கள் டச்பே பக்கம் பழைய வீடுகள் சிலதில பிளேட்டின்ர அடியை அண்ணாந்து பாருங்கோ, உப்பு உள்ள போய் கம்பி கறள் பிடிச்சு ஊதி, கொங்கிறீட் பத்தை பத்தையா கழண்டு விழுந்து கிடக்கும்.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில பிளேட் போட்டா மேல்பக்கம் மளமளவெண்டு காஞ்சு வெடிக்கத் தொடங்கிடும், அதால விடியமுதல் தொடங்கி வெயில் ஏற முதல் முடிச்சு, உடன சாக்கு விரிச்சு தண்ணி விட்டுக்கொண்டே இருக்கோணும் எண்டதை நான் வகுப்பில ஒரு வசனமாத்தான் படிச்சனான், இங்க வந்து அந்த வெயிலுக்குள்ள நிண்டுதான் விளங்கினது. ஜன்னல் வைக்கிறதும் அப்பிடித்தான், மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி கேக்கிற கிளையன்டோட சேர் எப்பிடி கதைச்சு நிழல் தாற மாதிரி மாத்துறார் எண்டு பக்கத்தில இருந்து பாக்கோணும். கிளையன்ட் மீட்டிங்குக்கு ட்ரெய்னியையும் இருத்துறது எல்லா இடத்திலயும் நடக்காது.

அப்ரூவல் வேலையும் என்னட்டதான். கடற்கரையில இருந்து உள்ளுக்கு 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரத் திணைக்களத்தின்ர பேர்மிட் வேணும், திருகோணமலையில பாதி ப்ரொஜெக்ட் அதுக்குள்ளதான் விழும், பிறகு சபையில பிளான் குடுக்கிறது, கட்டி முடிய சி.ஓ.சி (பிளான்படிதான் கட்டியிருக்கெண்டு சபை தாற சேர்ட்டிஃபிகேட்) எடுக்கிறது. ஃபைலை தூக்கிக்கொண்டு அலையிறது அலுப்புத்தான், ஆனா ஒரு வீடு ஸ்கெட்சில இருந்து சி.ஓ.சி வரைக்கும் எந்த வழியால போகுதெண்டு முழுசா தெரிஞ்சு போச்சு, லொக் புக்கில ஒரு ஸ்டேஜும் வெறுமையா இல்ல.

குறையும் இருக்கு. அலவன்ஸ் குறைவு, கொழும்பில தாறதோட பாத்தா நல்லாவே குறைவு, வீட்டில இருந்து போய் வாற ஆக்களுக்குத்தான் கட்டும். பெரிய பில்டிங் வேலை வராது, லிஃப்ட், ஏசி, ஃபயர் எல்லாத்தையும் ஒண்டா கோர்க்கிற அனுபவம் இங்க கிடைக்காது, சொஃப்ட்வெயரில ரெவிட்டும் இல்ல, எல்லாம் ஓட்டோகாட், ஸ்கெட்ச்அப் தான். சேர் மீட்டிங்குக்கு கொழும்பு போனா சில முடிவுகள் அவர் வருமட்டும் அப்பிடியே நிக்கும். பொம்பிளைப் பிள்ளையளுக்கு இன்னொண்டு, கன சைட்டில டொய்லெட் வசதி இல்ல, இதை சேரிட்ட நேராவே சொன்னன், அதுக்குப் பிறகு வாற ப்ரொஜெக்ட்டில கொன்ட்ராக்டர் முதலே கட்டித் தரோணும் எண்டு பி.ஓ.கியூவிலயே (வேலையளையும் அளவுகளையும் எழுதுற லிஸ்ட்) ஒரு ஐட்டமா போட வைச்சார். பாஸ்மார் தொடக்கத்தில நான் கேட்டதுக்கு சேரை பாத்துத்தான் பதில் சொல்லுவினம், சேர் ஒவ்வொருக்காவும் "மிஸ்ஸிட்ட சொல்லுங்கோ" எண்டு திருப்பி விட்டு விட்டு இப்ப நேரா என்னட்டயே கேக்கினம்.

5க்கு 4 குடுப்பன், வெட்டின அந்த ஒண்டு அலவன்ஸுக்கும் பெரிய வேலை இல்லாததுக்கும். ஏலுமெண்டா கொஞ்சக் காலம் இங்க, கொஞ்சக் காலம் பெரிய ஒஃபிஸ் ஒண்டில எண்டு பிரிச்சு செய்யுங்கோ, ஆனா முதல் இங்க. எந்த ஒஃபிஸுக்கு போனாலும் இன்டர்வியூவில மூண்டு கேளுங்கோ, லொக் புக்கை ஆர் வாசிக்கிறது, சைட்டுக்கு கூட்டிக்கொண்டு போவீங்களா, கிளையன்ட் மீட்டிங்கில இருக்கலாமா எண்டு. இந்த சேரிட்ட போறதெண்டா கையால கீறின ஸ்கெட்சுகளையும் கொண்டு போங்கோ, கொம்ப்யூட்டரில செய்த ரெண்டர் படங்களை விட அதைத்தான் கன நேரம் பாப்பார். மாசி, பங்குனியில சேருறது நல்லம், மாரியில சைட் கனக்க நிண்டிடும், ஒரு நேரத்தில ஒரு ட்ரெய்னிதான் எடுக்கிறவர் எண்டபடியா முன்கூட்டியே கதைச்சு வையுங்கோ.