திருப்பூரில் நிட்டிங் கம்பெனியை விற்கச் சென்ற மூன்று வாரங்கள்

டொரண்டோவில் வசிக்கும் நான் 2024 ஜனவரியில் மூன்று வார விடுப்பில் திருப்பூருக்குச் சென்றது, 2021இல் காலமான அப்பா பங்குதாரராக இருந்த நிட்டிங் கம்பெனியை விற்பதற்காக. வாங்குபவர் தயாராக இருந்தார், விலையும் படிந்திருந்தது. கையொப்பமிட்டுத் திரும்பிவிடலாம் என்றே நம்பியிருந்தேன். சித்தப்பா அழைத்துச் சென்ற வழக்கறிஞரோ விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. பார்ட்னர்ஷிப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், நிலத்தின் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்கி இரண்டு நாட்கள் படித்தார்.

பங்குதாரர் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிறுவனமே கலைந்துவிடும். தொடர்ந்து நடத்தலாம் என்ற வாசகம் எங்கள் பத்திரத்தில் இருந்தது; ஆனால் அப்பாவின் மறைவை நிறுவனப் பதிவாளருக்கு யாரும் தெரிவித்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், ஷெட் நிற்கும் நிலம் கம்பெனியின் பெயரில் இல்லாமல் அப்பாவின் சொந்தப் பெயரில் இருந்தது. உயில் எழுதப்படாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தங்கை ஆகியோரைப் போலவே அப்பத்தாவுக்கும் நான்கில் ஒரு பங்கு உண்டு. மகனின் சொத்தில் தாய்க்கும் பங்கு என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே விலை பேசியது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்பத்தாவால் நடக்க இயலாது. உடல்நலக் காரணத்தைக் காட்டி விண்ணப்பித்து, அதற்குரிய கட்டணமும் செலுத்தினால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்வார் என்பதை அந்த வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் வந்த அதிகாரி, சித்தப்பாவுக்கு எழுதிய பவர் பத்திரத்தை அப்பத்தாவுக்குப் புரியும்படி நிதானமாக விளக்கி, சம்மதமா என்று கேட்ட பிறகே கைநாட்டு வாங்கினார். அந்தப் பொறுமைக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். மெல்போர்னில் இருக்கும் தங்கை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பிய பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டியிருந்தது.

வரி விஷயத்தை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். இயந்திரங்களைத் தனித்தனியாக பில் போட்டு விற்றால் ஜிஎஸ்டி உண்டு, ஓடிக்கொண்டிருக்கும் தொழிலாக மொத்தமாக மாற்றிக் கொடுத்தால் விலக்கு உண்டு என்றார். நிலத்துக்கு உள்ளூர்க்காரர்களிடம் பிடிக்கும் 1 சதவீத வரி எனக்கும் தங்கைக்கும் பொருந்தாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அன்றைய விதிப்படி 20 சதவீதமும் அதன் மேல்வரிகளும் பிடித்தம் உண்டு என்பதால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வைத்தார்.

வரைவு ஒப்பந்தத்தில் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரி மட்டுமே இருந்தது. கம்பெனி கைமாறும்போது பணித்தொடர்ச்சி அறுபட்டால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிடப்படும் கிராஜுவிட்டியில் பழைய ஆண்டுகள் யார் பொறுப்பு என்ற தகராறு வரும். மாற்றும் நாள்வரையிலான பிஎஃப் பாக்கிக்கு விற்றவரும் பொறுப்பாளியே. ஊருக்குத் திரும்பும் முன் கடைசி இரண்டு நாட்களும் இதற்கே போயின. அப்பா காலத்தில் சேர்ந்த பிட்டர் முதல் ஹெல்ப்பர் வரை அனைவருடைய பெயரும், அவரவர் முதலில் வேலைக்குச் சேர்ந்த தேதியும் கொண்ட பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து, வாங்குபவர் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்ட பிறகே விமான நிலையத்துக்குக் கிளம்பினேன்.