எண்ணெய் படிந்த கரைக்கு எது உதவும்: பாக்டீரியாவா, கடல் பூஞ்சையா, சிப்பிக் காளானா?

மலேசியாவின் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் லங்காட் ஆறு, அதை ஒட்டிப் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு, அப்புறம் கப்பல்கள் ஓயாமல் போகும் மலாக்கா நீரிணை. 1992இல் அந்த நீரிணையின் வடகோடியில் நாகசாகி ஸ்பிரிட் கப்பல் மோதி, சுமார் 12,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அப்படி ஒன்று நம் கரைக்கு வந்தால் எதை நம்பலாம்?

வேகம் வேண்டுமென்றால் பாக்டீரியாதான். அல்கானிவோராக்ஸ் என்ற இனத்துக்கு எண்ணெயில் இருக்கும் எளிய சங்கிலி மூலக்கூறுகளே சாப்பாடு. 1989இல் எக்ஸான் வால்டீஸ் விபத்துக்குப் பிறகு அலாஸ்கா கரையில் உரம் போட்டே அங்கிருந்த பாக்டீரியாக்களைப் பெருக்கினார்கள். உரத்தின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா! ஆனால் தார் போல இறுகிய மிச்சத்தில் இவற்றின் வேகம் குறைந்துவிடும்.

கடல் பூஞ்சையின் பலமே அங்குதான். கொரோலோஸ்போரா என்ற வகை மணல் துகளில் ஒட்டிக்கொண்டு, கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகளாகக் காய்க்கும். கரையில் ஒதுங்கும் நுரையை நுண்ணோக்கியில் வைத்தால் அதன் வித்துகள் தெரியும். பூஞ்சை இழை மணலின் இடுக்குகளில் நுழைந்து நொதியை வெளியே சுரக்கிறது. அதனால் பெரிய மூலக்கூறுகளையும் தொட முடிகிறது. உப்பும் அதற்குப் பழகியதுதான். குறை இரண்டு: வளர்ச்சி மெதுவாக நடக்கும், பல வளைய மூலக்கூறுகளைப் பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. அந்தப் பாதிப் பொருள் சில சமயம் மூலத்தைவிட நச்சானது. அதை முடித்து வைக்கப் பாக்டீரியா கூடவே இருக்க வேண்டும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன். இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

கித்தா (ரப்பர்) மரத்தூள் பையில் வளர்க்கிறோமே, அந்தச் சிப்பிக் காளான்? ஒர்க்‌ஷாப் வாசலில் டீசல் ஊறிய மண்ணுக்கு அது நல்ல ஆள். கடலோர உப்புக்குச் சரிவராது. எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனம் பாக்காவ் பக்கம் வரவே கூடாது. எண்ணெயை நுண்துளியாக்கி, மீன் குஞ்சு வளரும் தண்ணீரிலேயே கலந்துவிடும்.

பாக்காவ் சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே பூஞ்சையைத் தூவிப் பயனில்லை. ஆகவே ஆற்று வாயிலேயே மிதவைத் தடுப்புப் போட்டு எண்ணெயை மறித்து அள்ளுவதுதான் முதல் வேலை. காட்டுக்குள் நுழைந்துவிட்டால், உதவப் போகிறோம் என்று கூட்டமாக இறங்கிவிடாதீர்கள். மிதிபடும் எண்ணெய் வேரடிச் சேற்றில் இன்னும் ஆழமாக அழுந்திவிடும்.